பங்குக் கோயில்களும் நம் முன்னோரும்

கல்விச் சங்கமொன்றின் வெள்ளிவிழா மலரிலே கிறித்தவக் கோயில்களின் கட்டட வரலாற்றுக்கு இடம் ஏது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் உளர். எச்சமயமும் சாராதாரும் உளர். இக்கட்டுரை சமயப் பரப்புரை அன்று. நம் பாட்டன்மாரில் எழுத்தறிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அவருட் பலர் முதன்முதல் மணலில் விரல் வைத்து எழுதிய இடம் ஒரு கோயிலின் தாழ்வாரமாகவே இருந்தது என்பது தெரியவரும். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடம், ஏழாம் நாள் கோயில். உபதேசியாரே வாத்தியார். சேரியிலே எழுந்த சிறு கூரைக் கோயில்கள் பலவும் இவ்வாறு இரு தொழில் செய்தவையே. ஆகவே நம் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலின் வரலாற்றைத் தாண்டிச் செல்ல வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஏடு பொய் சொல்லலாம்; அறிக்கை மழுப்பலாம்; கட்டடம் அவ்வளவு எளிதில் மழுப்பாது. ஒரு கோயிலுக்கு எத்தனை வாசல்கள், எந்த வாசலில் யார் நுழைந்தனர், தளத்தில் எங்கே ஓடு பதித்திருக்கிறது, எங்கே வெறுஞ்சுண்ணாம்பு பூசியிருக்கிறது, கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஏன் ஒரு சுவர் என்று கேட்டுக்கொண்டே சென்றால், அதைக் கட்டியவர்கள் எழுதாமல் விட்டவற்றையும் அது கூறும். இவ்வாறு படித்தறிந்த கோயில்கள் சிலவற்றைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அமைப்பு. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்களும் மக்களும் அடங்கிய எல்லை. அவ்வெல்லைக்குரிய தலைக்கோயிலே பங்குக் கோயில். சீர்திருத்த சபையார் இதனைச் சேகரம் என்பர். மரபுப்படி கோயிலின் தலை கிழக்கே நோக்கும். மேற்கே முகப்பும் தலைவாசலும். உள்ளே நுழைந்தால் நீண்ட நடுக்கூடம். அதன் இருபுறமும் தூண்வரிசைக்கு அப்பால் சிறகுகள். கிழக்கே பீடம் நிற்கும் மேடை. அதற்கும் மக்களுக்கும் இடையே ஒரு கிராதி. நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டி இரு கைகள் நீளுமாயின் சிலுவை வடிவம் பிறக்கும். நான்கு கைகளும் ஒரே அளவினவாயின் அதனைக் கிரேக்கச் சிலுவை என்பர். இவ்வளவே இலக்கணம். எஞ்சியவை யாவும் நாட்டுக்கு நாடு, கொத்தனுக்குக் கொத்தன் மாறுபடுவன. நம் நாட்டிலே செங்கல்லும் சுட்ட சிப்பிச் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்ந்த சாந்தே பழங்கோயில்களைத் தாங்கி நிற்பது. அச்சுண்ணாம்பைச் சுமந்தவர், குழைத்தவர், இடித்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அடிக்கல் நாட்டியவர் பெயர் மட்டும் உண்டு.

இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குச் செல்வோம். அங்குள்ள புதிய எருசலேம் கோயில் நாம் பார்க்க வேண்டிய முதற்கோயில். சீகன்பால்குவும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் கால்வைத்தது 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள். அவ்வூர் அப்போது தேனியர் கையில் இருந்தது. தேனியருக்கென்று சீயோன் கோயில் 1701-லேயே எழுந்துவிட்டது. தமிழருக்கென ஒரு சிறு கோயில் 1707-இல் எழுந்தது. அது போதாமற் போகவே, 1717-இல் அடிக்கல் நாட்டி, 1718-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் புதிய எருசலேம் கோயிலைப் படைத்தனர். முகப்பிலே தேனிய அரசன் நான்காம் பிரெடரிக்கின் முடியணிந்த பெயரெழுத்துப் பொறித்திருக்கிறது. அடுத்த ஆண்டே சீகன்பால்கு இறந்தார். அவர் உடல் அக்கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

இக்கோயில் நான்கு கைகளும் ஏறக்குறைய ஒத்த சிலுவை வடிவினது. நடுவே நின்று பேசும் ஒருவரின் குரல் நான்கு திசைக்கும் செல்லும்; நான்கு திசையினரும் அவரைக் காண்பர். சமய உரைக்கு ஏற்ற வடிவம் அது, அதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு கைகள் உள்ள கட்டடத்தில் மக்களை நான்காகப் பிரித்து இருத்துவதும் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டுக் குறிப்புகளின்படி, தரங்கம்பாடிச் சபையிலே வேளாளர் முதலானோரும் பறையர் குலத்தாரும் வேறுவேறிடத்தில் அமர்ந்தனர். பாயில் அமர்ந்தோர் ஒருபால், வெறுந்தரையில் அமர்ந்தோர் ஒருபால். தச்சன் பிரிக்கவில்லை, கொத்தன் பிரிக்கவில்லை, ஒரு கோரைப்பாய் பிரித்தது. ஒரே கூரை, ஒரே பீடம், ஒரே வேதநூல் என்றெல்லாம் இருந்தும் தரையின்மேல் கிடந்த பாயின் விளிம்பு எவ்வளவு பெரிய எல்லையாயிற்று என்பதை எண்ணும்போது வியப்பே மிகுகின்றது.

இராசநாயக்கனின் வாழ்க்கையை இவ்விடத்தில் சொல்லாமற் செல்லலாகாது. அவர் பறையர் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை அரசனின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1714-இல் வெளிவந்த தமிழ்ச் சுவிசேட நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. படையாளாக இருந்துகொண்டே அதனைப் படித்தார். படித்ததை வினவித் தரங்கம்பாடியாரைத் தேடிச் சென்றார். பின்னர்ப் படையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் அச்சபை வேரூன்றியது அவர் உழைப்பால் என்றே சொல்லலாம். எழுத்து நம்மவர் கைக்கு எட்டியவுடன் என்ன செய்யும் என்பதற்கு இவரினும் முற்பட்ட சான்று நமக்கு எளிதிற் கிடையாது.

ஆரோன் என்னும் வேளாளர் 1733-இல் குருப்பட்டம் பெற்று, சீர்திருத்த சபையின் முதல் இந்தியக் குருவானார். இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது இராசநாயக்கனின் பெயர் பேச்சில் இருந்தது. தகுதியிற் குறை கண்டார் இல்லை. பறையர் குலத்தவர் கையிலிருந்து வேளாளக் கிறித்தவர் திருவிருந்து ஏற்கமாட்டார் என்பதே தடையாயிற்று. 1741-இல் தியோகு என்னும் வேளாளர் குருவானார். இராசநாயக்கன் உபதேசியாராகவே தொண்டாற்றி 1771-இல் இறந்தார். முப்பது ஆண்டுகள்! அவர் தம் மனத்தில் என்ன எண்ணினார் என்று எழுதிவைத்தாரா என்பதை நாம் தேடவேண்டும். புதிய எருசலேம் கோயிலைக் காணச் செல்லும் நம் மாணவர், முகப்பிலுள்ள அரசன் பெயரெழுத்தைப் பார்த்து முடித்தபின், உள்ளே பீடத்தின் முன் சற்று நின்று, அங்கே நின்று திருவிருந்து வழங்கியிருக்க வேண்டிய ஒருவரையும் நினைத்துக்கொள்வாராக.

கத்தோலிக்கர் வரலாறு இதனினும் பழையது, சிக்கலும் மிகுந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி, மேற்குலத்தாரை ஈர்க்கும் பொருட்டுச் சந்நியாசி வேடமும் நடையும் கொண்டார். பின்னர் மற்றவர்க்கெனப் பண்டாரசாமிகள் என்றொரு குருக்கள் வகுப்பு ஏற்பட்டது. குருக்களே இருவகையாகப் பிரிந்தபின் கோயில்கள் எவ்வாறு ஒன்றாயிருக்கும்? பல ஊர்களில் நம்மவர்க்குத் தனிக்கோயில் எழுந்தது. தனிக்கோயிலுக்கு வகையில்லாத ஊர்களில் தனி இடம். நம்மவர் வீட்டில் நோயாளி இறக்குந்தறுவாயில் இருந்தாலும் குரு அவ்வீட்டினுள் நுழையார். நோயாளியை வெளியே சுமந்து வரவேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. உரோமையிலிருந்து வந்த தூதர் தெ தூர்னோன் 1704-இல் புதுச்சேரியிலிருந்து விடுத்த ஆணையிலே இவ்வழக்கத்தையும் கண்டித்தார். நாற்பதாண்டுகள் வழக்காடிய பின், 1744-இல் பதினான்காம் பெனடிக்டு என்னும் பாப்பரசர் அச்சச்சரவை முடித்துவைத்தார். முடிவு என்னவெனில், பறையர்க்கெனத் தனிக்குருக்களை ஏற்படுத்துவதாக இயேசு சபையார் சொன்ன ஏற்பாட்டை அவர் ஒத்துக்கொண்டதே. இது நம் புண்ணுக்கு மருந்தா, புண்ணை மூடிய துணியா என்பதை வாசகரே முடிவு செய்வாராக.

ஆனால் அடுத்த ஆண்டே புதுச்சேரியில் நடந்தது வேறு. இதனைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் நம் பள்ளிப் பாடநூல்களில் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு என்ற பெயர் வருமேயொழிய இந்நிகழ்ச்சி வருவதில்லை. ஆனந்தரங்கர் பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக இருந்தவர், வைணவர், 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்தவற்றை நாள்தோறும் எழுதி வைத்தவர். நம்மவர்பால் பரிவு கொண்டு எழுதியவர் அல்லர். அதனாலேயே அவர் சாட்சியம் நமக்கு மிகப் பயனுடையது.

புதுச்சேரியின் சம்பாக் கோயிலிலே, அதாவது சான் பவுல் கோயிலிலே, பறையர் குலக் கிறித்தவரையும் ஏனைச் சாதிக் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பியிருந்தனர். சுவரின் ஒருபுறம் நம்மவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் சட்டைக்காரரும் வெள்ளையரும். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே நம்மவர் ஒன்றுகூடிப் பெரிய குருவிடம் சென்றனர். தாங்களும் மற்றவரைப் போலவே அவருடைய சீடர்கள் எனின், கடவுளின் முன்னிலையில் இந்த வேற்றுமை எதற்கு என்று கேட்டனர். குருவிடம் மறுமொழி இல்லை. சுவரை இடிக்கச் செய்தார்; இடித்தனர். அதன்பின் யாவரும் ஒன்றாய் அமர்ந்தனர்.

சாதிக் கிறித்தவரிடையே கொதிப்பு எழுந்தது. அவருட் தலையானவர் பெரிய துபாசியான கனகராய முதலியார். கோயிலுக்குப் போவதில்லை என்று கூடிப் பேசினர். ஆளுநர் துப்ளேயின் காதுவரை விவகாரம் எட்டியது. சாதிப்பெண்டிர் மெல்லிய ஆடையும் நறுமணமும் அணிந்து வந்தது குறித்துக் குரு கடிந்துகொண்டார் என்றும், அதனால் சச்சரவு மேலும் வளர்ந்தது என்றும் நாட்குறிப்பு கூறுகின்றது. இவையெல்லாம் நிற்க. நாம் கருத வேண்டியது ஒன்றே. அச்சுவரை இடிப்பித்தது பாப்பரசரின் ஆணையும் அன்று. ஆளுநரின் கட்டளையும் அன்று. எழுத்தறிவு பெறாதோர் எனப்பட்ட நம் முன்னோர் திரண்டு சென்று கேட்ட ஒரு கேள்வியே அதனை வீழ்த்தியது. அந்தக் கோயிலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அதுவும் அழிந்தது. இப்பொழுது அங்கே நிற்கும் இரட்டைக் கோபுர முகப்புடைய பேராலயம் அதன்பின் எழுப்பி 1791-இல் நிறைவுபெற்றது. சுவரும் இல்லை, சுவர் நின்ற கோயிலும் இல்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் ஒரு துபாசிக்கு இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியும் இல்லாமற் போயிருக்கும்.

சுவர் ஒன்று வீழ்ந்ததும் எல்லாச் சுவரும் வீழ்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. வடக்கன்குளத்தின் கதை அதனைக் காட்டும். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள இவ்வூர், நீலகண்டப் பிள்ளை என்னும் தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022-ஆம் ஆண்டில் உரோமையிலே அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது இவ்வூர்ப் பெயர் உலகெங்கும் பரவிற்று. அவர் திருமுழுக்குப் பெற்றதும் புதுச்சேரிச் சுவர் இடிந்ததும் ஒரே ஆண்டில் என்பது எங்களுக்கு இக்கட்டுரை எழுதும்போதுதான் கண்ணிற்பட்டது.

இவ்வூரிலே வெள்ளாளருக்கும் நாடாருக்கும் கோயிலுக்குள் யார் எங்கே அமர்வது என்பதில் நெடுங்காலப் பூசல் இருந்தது. இயேசு சபையார் 1872-இல் கட்டிய கோயில் அப்பூசலுக்குக் கட்டடக் கலை கண்ட தீர்வாகும். அது போன்ற தீர்வு வேறெங்கும் காண்டல் அரிது. பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நடுக்கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து செல்லும். இரண்டிற்கும் இடையே சுவர். ஒரு காலில் இருப்போர் மறுகாலில் இருப்போரைக் காணார். இருவரும் பீடத்தைக் காண்பர். ஊர் மக்கள் அதனைக் கால்சட்டைக் கோயில் என்றே அழைத்தனர். கணக்கு நூல் வல்ல ஒருவர் கோணம் பார்த்து வரைந்த திட்டமாதல் வேண்டும். இரு பக்கத்தாருக்கும் பீடம் மறையாமல் இருக்கவேண்டும், ஒருவர்க்கொருவர் முகம் தெரியாமலும் இருக்கவேண்டும் என்பது எளிய கணக்கன்று. அறிவு எத்துணை வீணாகச் செலவழியலாம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

1910-இல் சபைத் தலைமை அந்த நடுச்சுவரை இடித்தது. வெள்ளாளர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிறித்தவக் கோயிலினுள் சாதிப்படி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நல்ல தீர்ப்பே. ஆயினும் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். இவ்வழக்கில் வழக்காளியும் எதிராளியுமாக நின்றோர் ஊரின் இருபெருஞ் சாதியாரும் சபையாரும். நம்மவர் எங்கே அமர்ந்தனர் என்பது வழக்கின் பொருளாகவே இல்லை. இரண்டு காலுக்கும் வெளியே நின்றவனைப் பற்றி எந்தக் கணக்கனும் கோணம் பார்க்கவில்லை போலும்.

சீர்திருத்த சபையாரிடம் மீள்வோம். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்க அத்தியட்சர் தானியேல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் விடுத்தார். சபைகளில் சாதி வேற்றுமை தயக்கமின்றி, உடனே, முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கோயிலில் வேறுவேறிடத்தில் அமர்வதும் திருவிருந்துக்கு வேறுவேறாகச் செல்வதும் அவர் சுட்டிக்காட்டிய குற்றங்களுள் அடங்கும். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்கலகம் மூண்டது. சுவார்ட்சு ஐயர் வளர்த்த தஞ்சைச் சபையிலிருந்து சாதிக் கிறித்தவர் பலர் வெளியேறினர். அத்தஞ்சையிலே சுவார்ட்சு 1779-இல் கட்டிய கோயிலில், அவரது மரணப் படுக்கையருகே சரபோசி மன்னர் நிற்பதாகச் செதுக்கிய வெண்பளிங்குச் சிற்பம் ஒன்று உள்ளது. இங்கிலாந்தின் பிளாக்சுமன் என்னும் சிற்பியின் கைவேலை. மன்னனும் குருவும் நண்பராயிருந்ததைக் காட்டும் அழகிய வேலை. ஆயினும் அதே சபையில் இரு தமிழர் ஒரே பந்தியில் அமர்வது அரிதாயிருந்தது.

இடத்தகராறு தமிழனுக்கு மட்டும் உரியது என்று எண்ணித் தலைகுனியவும் வேண்டுவதில்லை. ஆங்கில நாட்டுப் பங்குக் கோயில்களிலே செல்வர் தம் குடும்பத்திற்கென உயரப் பலகை அடைத்த தனியறை போன்ற இருக்கைகளை வைத்துக் கதவிட்டுப் பூட்டி வந்தனர். இருக்கைக்கு வாடகையும் உண்டு. ஏழைகளுக்குக் கடைசி வரிசையும் மாடமுமே. 1818-இல் பாராளுமன்றம் புதுக்கோயில்கள் கட்டப் பத்து இலட்சம் பவுன் ஒதுக்கியபோது, அவற்றில் ஏழைகளுக்கு வாடகையில்லா இருக்கைகள் இருக்கவேண்டும் என்று விதித்தது. 1839-இல் கேம்பிரிட்சில் தோன்றிய கேம்டன் சங்கத்தார் பூட்டிய இருக்கைகளை எல்லாம் பெயர்த்தெறிந்து, பழைய கோதிக்கு முறையில் திறந்த பலகைகள் இடவேண்டும் என்று போராடினர். அவர்கள் வென்றது பெரும்பாலும் அழகின் பெயரால்; அறத்தின் பெயராலும் கொஞ்சம்.

அந்தக் கோதிக்கு அலை நம் கரைக்கும் வந்தது. கால்டுவெல் ஐயர் இடையன்குடியிலே தேரிக்காட்டு மணலின் நடுவே எழுப்பிய தூய திரித்துவக் கோயில் கூர்ங்கமான் வளைவுகள் கொண்டது. 1847-இல் அடிக்கல், 1880 சூலையில் படைப்பு. முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லும் காசும் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்தன. 1891-இல் கொடைக்கானலில் இறந்த அவருடல் அப்பீடத்தின் கீழ்தான் உறங்குகின்றது. ஒப்பிலக்கணம் கண்டவரின் பெயரை அறிந்தோர் அவர் கொத்தர்க்கு மேற்பார்வையாளராகவும் வெயிலில் நின்றவர் என்பதையும் அறிக.

இதுவரை சொன்னவை பிறர் கட்டிய கோயில்களிலே நமக்குக் கிடைத்த இடம் பற்றியவை. நம்மவரே தேடிச்சென்று கொணர்ந்த கோயில் ஒன்று உண்டு. அது கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி. இன்று மயிலாடி என்றால் கற்சிற்பம் நினைவுக்கு வரும். உளியோசை கேளாத தெருவே அங்கு அரிது. அவ்வூரில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகராசன் என்பவர் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். திரும்பும் வழியில் தஞ்சையில் தங்கி, அங்கிருந்த கோயிலில் கோலாபு ஐயரின் உரையைக் கேட்டார். 1799-இல் வேதமாணிக்கம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினார். ஊரில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. திருவிதாங்கூரிலே நம்மவர் பொதுவழியில் நடக்கவும் இயலாத காலம். அவர் சளைக்கவில்லை. தம் ஊருக்குப் போதகர் ஒருவர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இலண்டன் மிசனரிச் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டு ஏப்ரலில் மயிலாடி வந்து சேர்ந்தது இக்கேட்பின் பயனே. கோயில் கட்ட அரசு இணங்கவில்லை. ஆங்கில ரெசிடெண்டு மெக்காலே இடையிட்ட பின்னரே இணக்கம் கிடைத்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியால் நாடு கலங்கியிருந்த அந்நாட்களிலே கிறித்தவர் ஒளிந்து வாழ நேர்ந்தது. கலகம் அடங்கியபின் 1809-இல் கோயில் திறக்கப்பட்டது. தென் திருவிதாங்கூரின் முதற் சீர்திருத்த சபைக் கோயில் அது. கட்டட அழகைத் தேடிச் செல்வோர்க்கு அங்கே கோதிக்கு வளைவும் பளிங்குச் சிற்பமும் கிட்டா. ஆயினும் நான்கு சுவரை எழுப்பி அதன்மேல் கூரை வைத்துக் கதவை நம்மவர் திறக்க, பிறர் நுழைந்த கோயில் அது. 1816-இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் புறப்பட்டபோது சபைப் பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. தரங்கம்பாடியில் இராசநாயக்கனுக்குக் கிட்டாதது மயிலாடியில் ஓரளவேனும் கிட்டியது. இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

அதன்பின் வந்த மீட் ஐயர் தலைமையிடத்தை நாகர்கோயிலுக்கு மாற்றினார். அங்கே 1819-ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் அடிக்கல் நாட்டிய பெருங்கோயிலுக்குக் கல் இழுக்க அரசியார் யானைகளை அனுப்பினார். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூரைக்கு இணங்காத அரசு! காலம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பதை அந்த யானைகளைக் கேட்டால் சொல்லும்.

தமிழகத்திற்கு வெளியே இரண்டு கோயில்களைச் சொல்லி அமைவோம். தெலுங்கு நாட்டில் மாலர், மாதிகர் எனப்படும் நம் உடன்பிறப்புகள் திரள்திரளாகச் சேர்ந்த சபைகளிலே எழுந்தவை அவை. மேதக்கின் பேராலயம் பாசுனெட் என்பவரின் முயற்சி. பஞ்சத்தால் வாடியோர்க்கு வேலைக்குச் சோறு என்ற முறையில் பத்தாண்டுகள் கட்டி, 1924-ஆம் ஆண்டு கிறித்து பிறந்த நாளன்று திறந்தனர். அகலம் 100 அடி, நீளம் 200 அடி, மணிக்கோபுரம் 175 அடி. பசித்தோர் சுமந்த கல் ஒவ்வொன்றும். மற்றொன்று தோர்ணக்கல். நம் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்திய அத்தியட்சரான அசரியாவின் கோயில் அது. 1939 சனவரி 6-ஆம் நாள் படைக்கப்பட்டது. கோதிக்கை அவர் வேண்டாம் என்றார். கோயில் மண்டபத் தூண்களும் மசூதியின் கவிகைகளும் ஒன்று சேர்ந்த வடிவம் அது. நிலமற்ற கூலியாட்கள் தம் சொந்த நாட்டு அழகு சூழ அமர்ந்து வணங்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இனி எம் சொந்த நினைவு ஒன்று. எம்முள் மூத்தவர் சிலர் சிறுவராயிருந்தபோது ஒரு பங்குக் கோயிலின் இடச்சிறகில் அமர்ந்தவர்கள். ஊர்ப்பெயர் வேண்டாம். நடுக்கூடத்தில் பூவேலைப்பாடு கொண்ட ஓடு பதித்திருந்தது. சிறகில் சிமிட்டித் தளம். யாரும் எங்களை அங்கே அமரச் சொன்னதாக நினைவில்லை, அங்குதான் அமர்வோம். பெரிய தூண் ஒன்று பீடத்தைப் பாதி மறைக்கும். குரு கையுயர்த்துவது தெரியாது, மணியடித்தால் தலைகுனிவோம். பல்லாண்டு கழித்து, அக்கோயிலின் பழைய வரைபடத்தைக் காணும் வாய்ப்பு எங்களில் ஒருவர்க்குக் கிட்டியது. அதில் சிறகே இல்லை. இருபுறமும் சிறகு பின்னர்ச் சேர்த்தது. எதற்காகச் சேர்த்தனர் என்பது வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் இயலவில்லை. 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் விழுப்புரம் வட்டாரத்து எறையூரில், தாங்கள் எழுப்பிய கோயிலைத் தனிப்பங்காக ஏற்கவேண்டும் என்று நம்மவர் கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டது. காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். இறந்தவர் நம்மவர் அல்லர். வன்னியர் வீட்டுப் பிள்ளைகள். அத்தாய்மாரின் அழுகைக்கும் சாதி கிடையாது. 1745-இல் நம்மவர் கேட்டது சுவரை இடிக்க; 2008-இல் கேட்டது தனிக்கோயில். இதனை முன்னேற்றம் என்பதா, சலிப்பு என்பதா என்பது குறித்து இக்கட்டுரையை எழுதிய எங்களிடையேயே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையை மறைக்க விரும்பவில்லை.

இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் தத்தம் ஊரிலுள்ள பழைய கோயிலை, அது எச்சபையினதாயினும், ஓர் அளவுநாடாவுடன் சுற்றிப் பார்ப்பாராக. நீள அகலம், வாசல்களின் எண்ணிக்கை, தளத்தின் வகை, அடிக்கல்லின் எழுத்து, கல்லறைத் தோட்டத்தின் எல்லைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. கட்டட வேலைக்குச் சென்ற முதியோர் யாரேனும் இருப்பின் அவர் பெயரையும் கேட்டெழுதுக. முன்னர்க் கோயில் தாழ்வாரத்தில் பள்ளி நடந்திருந்தால் அதில் படித்தோர் பட்டியலையும் சேர்க்க. குறிப்புகளைச் சங்க நூலகத்தில் ஒப்படைத்தால் ஊர்வாரியாகத் தொகுத்து வைப்போம். கல்லெழுத்துகளை உள்ளபடியே, பிழை இருப்பினும் திருத்தாமல், படியெடுத்து அனுப்புக.